பெரிய பெயர் வந்தால் லீக் பெரிதாகிவிடுமா? டெல் பியரோ முதல் பெர்பட்டாவ் வரை... ஐஎஸ்எல் அனுபவம் என்ன சொல்கிறது?

2025 டிசம்பர் 13. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். மெஸ்ஸி வந்தார், கை காட்டினார், சில நிமிடங்களில் கிளம்பிவிட்டார். அவரைச் சுற்றி விஐபி-க்கள் கூட்டம் நின்றதால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களால் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் உடைந்தன. அந்தக் காட்சிகளை நீங்களும் மொபைலில் பார்த்திருப்பீர்கள்.

அதே நாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மெஸ்ஸி இந்தியா வந்த அன்று, இந்தியாவின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் நடக்கவில்லை. சீசன் எப்போது தொடங்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. லீக்கை நடத்திவந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்து சரியாக ஐந்து நாள் ஆகியிருந்தது.

உலகின் மிகப் பெரிய நட்சத்திரத்தைக் கூட்டிவர ஒரு நாட்டில் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ரசிகர் இருக்கிறார்கள். ஆனால் லீக் நடத்த ஆள் இல்லை. இது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 2014-க்குப் போக வேண்டும். வளர்ந்துவரும் ஒரு லீக்குக்கு நட்சத்திர வீரர்கள் வந்தால் நம்பகத்தன்மை கூடுமா, அல்லது கூடியது போலத் தெரியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

2014-ல் நடந்தது என்ன?

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு (ஏஐஎஃப்எஃப்), ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகள், 700 கோடி ரூபாய். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். 2014 அக்டோபர் 12-ல் கொல்கத்தாவில் முதல் போட்டி. எட்டு அணிகள். சச்சின், கங்குலி, தோனி, கோலி, அபிஷேக் பச்சன், ரன்பீர் கபூர் என்று உரிமையாளர் பட்டியலே ஒரு சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது.

அப்போது ஒவ்வொரு அணியும் ஒரு 'மார்க்கீ' வீரரை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. மார்க்கீ என்றால், விளம்பரப் பலகையில் முதல் பெயராகப் போடத் தகுந்த ஆள். அவருடைய சம்பளம், அணிக்கான சம்பள உச்சவரம்புக்குள் வராது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நம்ம ஊர்த் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பது போலத்தான். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நாகஸ்வரம் என்று ஒரு வரி போட்டால் போதும், அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் அவர் அந்த மேடையில் வாசித்தார். ஐஎஸ்எல் நோட்டீஸில் இருந்த பலர், வாசித்து முடித்து வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு வந்தவர்கள்.

பட்டியலைப் பாருங்கள். டெல்லிக்கு இத்தாலியின் அலெக்சாண்ட்ரோ டெல் பியரோ. ஒப்பந்தம் போடும்போது 39 வயது. புனேவுக்கு பிரான்ஸின் டேவிட் ட்ரெசகே. கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ். கவுகாத்திக்கு ஸ்பெயினின் ஜோன் கப்தெவிலா. மும்பைக்கு ஃபிரெடி லியுங்பெர்க், நிக்கோலா அனெல்கா. கேரளாவுக்கு டேவிட் ஜேம்ஸ், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். கொல்கத்தாவுக்கு லூயிஸ் கார்சியா.

சென்னையின் எஃப்சி-க்கு மார்கோ மட்டராசி. அவரும் பயிற்சியாளர் கம் ஆட்டக்காரர். 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டியது இவரைத்தான். வயது 41. அதற்குள் ஆட்டத்தை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கால்பந்துப் பைத்தியங்களுக்கு ஒரு சின்னத் தகவல்: அந்த 2006 இறுதியில் கோல் அடித்த மட்டராசி, பெனால்டி போட்ட டெல் பியரோ, பெனால்டியைத் தவறவிட்ட ட்ரெசகே, மூன்று பேரும் எட்டு வருஷம் கழித்து ஒரே இந்திய லீக்கில் இருந்தார்கள்.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. இதை மறுக்க முடியாது.

முதல் சீசனில் ஒரு போட்டிக்குச் சராசரியாக 24,000-க்கும் மேற்பட்டவர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். சராசரிக் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் ஐரோப்பாவின் பெரிய லீக்குகளுக்கு அடுத்த வரிசையில் ஐஎஸ்எல் நின்றது. டிவியில் 42.9 கோடி பேர் பார்த்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். ரிமோட்டைத் திருப்பும்போது எட்டிப் பார்த்தவர்களும் இதில் சேர்த்தி என்றாலும், ஒரு புது லீக்குக்கு அது சாதாரண எண் அல்ல.

பெயர்கள் செய்த முக்கியமான வேலை இதுதான்: அறிமுகம். "இந்தியாவில் ஒரு லீக் இருக்கிறதாம்" என்று இத்தாலியிலும் ஸ்பெயினிலும் செய்தி வந்தது. அடுத்த வருஷம் ஒரு வெளிநாட்டு வீரருக்கு ஏஜென்ட் போன் போட்டு "இந்தியா போறியா?" என்று கேட்டால், அவர் போனை வைத்துவிட மாட்டார். ஸ்பான்சர் நிறுவனத்திடம் போய் உட்கார்ந்தால், என்ன லீக் என்று முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

இந்திய வீரர்களின் சம்பளமும் ஏறியது. 2015 ஜூலையில் நடந்த ஏலத்தில் சுனில் சேத்ரியை 1.2 கோடி ரூபாய்க்கு மும்பை எடுத்தது. யூஜின்சன் லிங்டோவுக்கு 1.05 கோடி.

ஆனால் மைதானத்துக்குள்?

டெல் பியரோ 10 போட்டிகளில் ஒரே ஒரு கோல். ட்ரெசகே இரண்டு கோல். முதல் சீசனில் அதிக கோல் அடித்தவர் சென்னையின் எலானோ, 8 கோல். பிரேசிலுக்காக உலகக்கோப்பை ஆடியவர், 33 வயது. அதாவது இன்னும் ஓடக்கூடிய வயது. லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வானவர் கனடாவின் இயான் ஹ்யூம். இந்தியா வருவதற்கு முன் அவர் பெயர் கேரளாவில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். சீசன் முடிவதற்குள் அவர் 'ஹ்யூமேட்டன்' ஆகிவிட்டார்.

இறுதிப் போட்டியில் கொல்கத்தாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோலை, ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், அடித்தவர் முகமது ரஃபீக். மாற்று வீரராக உள்ளே வந்த வங்காளத்துப் பையன்.

நட்சத்திரத்தோடும் இல்லாமலும்: சென்னையே சாட்சி

இந்த விவாதத்துக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். சென்னையின் எஃப்சி-யின் முதல் ஐந்து சீசன்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

2014-ல் மட்டராசி, எலானோ. லீக் சுற்றில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி.

2015-ல் பாதி சீசனில் அணி அடியில் கிடந்தது. அப்புறம் எழுந்தது. அந்த டிசம்பரில்தான் சென்னையில் வெள்ளம். நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாமல் அரையிறுதியின் சொந்த மண் போட்டியை புனேவில் போய் ஆடினார்கள், கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கோவாவில் நடந்த இறுதியில் 3-2. அந்த சீசனில் 13 கோல் அடித்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் மென்டோசா, கொலம்பியாவைச் சேர்ந்த 23 வயதுப் பையன். போஸ்டரில் பெரிதாக இருந்த முகம் எலானோவுடையது.

2016-ல் மார்க்கீ வீரர், லிவர்பூல் அணியில் சாம்பியன்ஸ் லீக் வென்ற ஜான் ஆர்னே ரீசே. எட்டு அணிகளில் சென்னை பிடித்த இடம் ஏழு.

2017-ல் மார்க்கீ கட்டாயம் என்ற விதியே எடுக்கப்பட்டது. சென்னை பெரிய பெயர் எதையும் தேடவில்லை. மட்டராசி போய், இங்கிலாந்தின் ஜான் கிரிகோரி பயிற்சியாளராக வந்தார். மெயில்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ என்று பொதுவாக யாருக்கும் தெரியாத பிரேசில்காரர்கள். நடுக்களத்தில் சென்னைப் பையன் தனபால் கணேஷ். முன்னால் மிசோரமின் ஜெஜே. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். சேத்ரி முதல் கோலை அடித்துவிட்டார். மெயில்சன் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே போட்டார், அகஸ்டோ ஒன்று. 3-2. இரண்டாவது கோப்பை.

உடனே 'அப்போ நட்சத்திரமே வேண்டாம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதே கிரிகோரி, ஏறக்குறைய அதே ஆட்கள், அடுத்த சீசனில் பத்து அணிகளில் கடைசி இடம்.

சென்னைக் கணக்கிலிருந்து இவ்வளவுதான் சொல்ல முடியும்: பெயருக்கும் வெற்றிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இன்னும் முக்கியமாக, நட்சத்திரம் இருந்தபோதும் இல்லாதபோதும் அணிக்குள் ஆண்டுக்காண்டு தொடர்ச்சி இல்லை.

மற்ற ஊர்களிலும் இதே கலவைதான். 2016-ல் மும்பைக்கு வந்த உருகுவேயின் டியேகோ ஃபோர்லான் உழைத்தார், ஹாட்ரிக் அடித்தார், அணியை லீக் சுற்றில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 2010 உலகக்கோப்பையின் சிறந்த வீரர் அவர், 37 வயதிலும் அது தெரிந்தது. அடுத்த வருஷம் கேரளாவுக்கு வந்த பெர்பட்டாவ் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டுப் போனார். 2015-ல் டெல்லிக்கு வந்த ராபர்டோ கார்லோஸ் பயிற்சியாளராகத்தான் அதிகம் தெரிந்தார், ஆடியது மூன்று போட்டி.

பெயரை மட்டும் வாங்கி, லீக்கே நடக்காத கதை

ஐஎஸ்எல்-லுக்கு இரண்டு வருஷம் முன்பு இதே நாட்டில் இன்னொரு முயற்சி நடந்தது. பலருக்கு மறந்தே போயிருக்கும்.

2012 ஜனவரியில் கொல்கத்தாவில் ஓர் ஏலம். 'பிரீமியர் லீக் சாக்கர்' என்று பெயர். மேற்கு வங்க ஊர்களை வைத்து ஆறு அணிகள். அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போ 8,40,000 டாலருக்கு பராசத் அணிக்குப் போனார். இத்தாலியின் உலகக்கோப்பை கேப்டன் கன்னவாரோ சிலிகுரிக்கு. பிரெஸ் ஹவுராவுக்கு. ஃபவுலர், ஒகோச்சா பெயர்களும் இருந்தன.

ஒரு போட்டிகூட நடக்கவில்லை.

மைதானம் தயாராகவில்லை, தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது, அப்படியே போய்விட்டது. பிரெஸ் மட்டும் இரண்டு வருஷம் கழித்து கோவாவுக்கு வந்து இந்திய மண்ணில் ஆடினார்.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை அடுக்கியிருப்பார்கள். முன்னால் ஒரு மூட்டை பளிச்சென்று இருக்கலாம். வியாபாரி அதை மட்டும் பார்த்து விலை சொல்ல மாட்டார். பின்னால் இருப்பதையும் ஒடித்துப் பார்ப்பார்.

உலகம் இதை எப்படிச் செய்தது?

அமெரிக்காவில் ஆரம்பிக்கலாம், ஏன் என்றால் அவர்கள் இரண்டு முறை செய்தார்கள்.

முதல் முறை 1975. நியூயார்க் காஸ்மோஸ் அணி பெலேவை எடுத்தது. பின்னாலேயே பெக்கன்பாவர் வந்தார். 1977-ல் ஒரு போட்டிக்கு 77,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் காஸ்மோஸ்தான் 1977 செப்டம்பரில் கொல்கத்தா வந்து ஈடன் கார்டனில் மோகன் பகானுடன் 2-2 என்று டிரா செய்தது. மற்ற அணிகளும் காஸ்மோஸ் போலச் செலவு செய்யப் பார்த்தன. லீக் 24 அணிகளாக வீங்கியது. பெலே ஓய்வு பெற்றார், டிவி ஒப்பந்தம் போனது, அணிகள் ஒவ்வொன்றாக மூடின. 1984 சீசனோடு அந்த லீக் முடிந்தது.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. 1996-ல் எம்எல்எஸ் தொடங்கியது. முதல் பத்து வருஷம் கடுமையான சம்பளக் கட்டுப்பாடு, சொந்த மைதானங்கள் கட்டும் வேலை. 2007-ல்தான் பெக்கம் வந்தார். அவருக்காகவே ஒரு விதி கொண்டுவந்தார்கள், உச்சவரம்புக்கு வெளியே சம்பளம் தரலாம் என்று. நம்ம மார்க்கீ விதி மாதிரியேதான். வித்தியாசம் என்ன என்றால், அங்கே வீடு கட்டிய பிறகு விருந்தாளியைக் கூப்பிட்டார்கள். அப்போது 13 அணிகள், இப்போது 30. பெக்கமின் ஒப்பந்தத்தில், பின்னாளில் 2.5 கோடி டாலருக்கு ஓர் அணி உரிமையை வாங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியிலிருந்து பிறந்ததுதான் இன்டர் மயாமி. அந்த அணிக்குத்தான் 2023-ல் மெஸ்ஸி வந்தார்.

சீனாவின் கதை சோகம். 2017 வாக்கில் அங்கே பணம் தண்ணீராய் ஓடியது. பிரேசிலின் ஆஸ்கரை 25 வயதில், நல்ல ஃபார்மில் இருக்கும்போதே சுமார் 6 கோடி பவுண்டுக்குத் தூக்கினார்கள். ரிட்டயர் ஆகும் ஆட்கள் அல்ல, நிஜமான நட்சத்திரங்கள். ஆனால் பணம் பெரும்பாலும் ரியல் எஸ்டேட் கம்பெனிகளுடையது. கம்பெனி ஆடியபோது கிளப்பும் ஆடியது. 2020 நவம்பரில் சாம்பியன் ஆன ஜியாங்சு அணி, மூன்றே மாதத்தில் மூடப்பட்டது. எட்டு முறை லீக் வென்ற குவாங்சோ 2025 ஜனவரியில் கலைக்கப்பட்டது. சீன தேசிய அணி உலகக்கோப்பை ஆடியது இதுவரை ஒரே முறை, 2002-ல். அப்போது இந்த நட்சத்திரம் யாரும் இல்லை.

சவுதி இப்போது நம் கண்முன் நடப்பது. 2022 டிசம்பரில் ரொனால்டோ. பின்னால் பென்ஸிமா, நெய்மர், மானே. 2023-ல் அரசு முதலீட்டு நிதியே நான்கு பெரிய கிளப்புகளின் 75 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. சுமார் 9 கோடி யூரோ கொடுத்து வாங்கிய நெய்மர் காயத்தால் ஏழு போட்டிதான் ஆடினார். மறுபக்கம், 2025 கிளப் உலகக்கோப்பையில் அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வீழ்த்தியது. அந்த ஒரு ராத்திரி, நூறு விளம்பரத்துக்குச் சமம். கஜானா திறந்திருக்கும்வரை ஓடும். அதற்கப்புறம் என்ன என்று பார்க்க இன்னும் காலம் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பான். 1991-ல் பிரேசிலின் ஜிகோ, கஷிமா என்ற சின்னத் தொழிற்சாலை ஊருக்குப் போனார், இரண்டாம் டிவிஷனில் இருந்த கம்பெனி டீமுக்கு. சேலம் ஸ்டீல் பிளான்ட் டீமுக்கு ஜிகோ வந்தால் எப்படி இருக்கும், அப்படி. பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், ஷூவை எப்படி வைக்க வேண்டும், தோற்றால் எப்படிக் கோபப்பட வேண்டும் என்பதிலிருந்து அவர் சொல்லிக் கொடுத்ததாக அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1993-ல் ஜே லீக் பத்து அணிகளோடு தொடங்கியது. கிளப் என்றால் ஊர்ப் பெயர் வேண்டும், சிறுவர் அணிகள் வேண்டும் என்று விதி. அதே சமயம் நகோயாவுக்குப் போன இங்கிலாந்தின் லினேக்கர் காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். ஆக, அங்கேயும் எல்லாப் பெரிய பெயரும் பலிக்கவில்லை. ஆரம்பப் பரபரப்பு அடங்கியதும் கூட்டம் குறைந்தது, ஓர் அணி இன்னொன்றோடு இணைக்கப்பட்டது. ஆனால் சிறுவர் அணிகள் நின்றன. 1998-ல் ஜப்பான் முதல் முறையாக உலகக்கோப்பைக்குப் போனது. அதற்கப்புறம் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கஷிமா ஜப்பானின் அதிகக் கோப்பை வென்ற கிளப்.

அதே ஜிகோ ஐஎஸ்எல்-லின் முதல் மூன்று சீசனும் கோவாவுக்குப் பயிற்சியாளராக இருந்தார் என்பது இந்தியர்களுக்கே அதிகம் நினைவில்லை. ஆள் ஒருவரே. ஆனால் 2014-ல் ஐஎஸ்எல் சீசன் என்பது இரண்டரை மாதம்கூட இல்லை. அந்த நாளில் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

சரி, நம்பகத்தன்மை என்றால் உண்மையில் என்ன?

ஒரு வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். சம்பளம் மாதாமாதம் வருமா? அடுத்த வருஷம் அந்தக் கிளப் இருக்குமா? ஜெயித்தால் மேலே போகலாமா, தோற்றால் கீழே இறங்க வேண்டுமா? ரசிகருக்கு, சீசன் எப்போது தொடங்கும் என்று தெரியுமா? ஒரு லீக்கை நம்பலாமா என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. எந்தப் பெயர் பலகையும் இதற்குப் பதில் ஆகாது.

ஹைதராபாத் எஃப்சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 சாம்பியன். 18 கோல் அடித்த நைஜீரியாவின் ஒக்பெச்சே அங்கேதான் ஆடினார். இரண்டே வருஷத்தில் சம்பள பாக்கி, பிஃபாவின் டிரான்ஸ்பர் தடை, சீசன் நடுவிலேயே வீரர்கள் கிளம்பிப் போனது, கடைசி இடம். 2025-ல் அந்த அணி டெல்லிக்கு மாறிப் பெயரும் மாறிவிட்டது. கோப்பை வென்றபோது மைதானத்தில் கத்திய ஹைதராபாத் ரசிகர் இப்போது யாருக்குக் கத்துவார்?

மேலே ஏறி கீழே இறங்கும் விஷயமும் அப்படித்தான். ஐ-லீக் வென்றால் ஐஎஸ்எல்-லுக்கு வரலாம் என்ற வழி, லீக் தொடங்கி எட்டு வருஷத்துக்குப் பிறகு, 2022-23 சீசனில் இருந்துதான் திறந்தது. கீழே இறங்குவது 2024-25 சீசன் வரை நடைமுறைக்கு வரவில்லை.

இங்கே கோவையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாமகிரிப்பேட்டையில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், நேரு ஸ்டேடியத்தை வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2018-19 ஐ-லீக்கை வென்றது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ் டிவிஷனில் இருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்திக் கோப்பை. மார்க்கீ கிடையாது, பாலிவுட் கிடையாது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பேசல் அந்த வருஷம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. வெளிநாட்டு கிளப் ஒன்று நம்பிப் பணம் போட்டது என்றால் அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால் அந்தக் கோப்பைக்கு ஐஎஸ்எல் கதவு திறக்கவில்லை. விதியே அப்படி. வீரர்கள் ஒவ்வொருவராக ஐஎஸ்எல் கிளப்புகளுக்குப் போனார்கள். 2020-21-க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு, கண்ணெதிரே நழுவியது.

கோல் அடிக்க ஆள் எங்கே?

நட்சத்திர வீரர்கள் பெரும்பாலும் முன்களத்தில் ஆடுபவர்கள். 2014-ல் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் மைதானத்தில் இருக்கலாம். 2017-ல் அது ஐந்தானது, 2021-ல் நான்கு. எல்லாக் காலத்திலும் கிளப்புகள் முதலில் வாங்குவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை. இந்தியப் பையன் விங்கில் அல்லது பெஞ்சில்.

அதன் விளைவு 2025 மார்ச்சில் தெரிந்தது. ஓய்வு அறிவித்துப் போன சேத்ரியை, 40 வயதில், தேசிய அணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஐஎஸ்எல் சீசனில் அதிக கோல் அடித்த இந்தியர் அவர்தான், 14. ஒரு காலத்தில் 40 வயது டெல் பியரோவை ஆட வைத்ததற்குச் சிரித்தோம். சேத்ரியின் திறமை வேறு விஷயம்; அவருக்குப் பின்னால் வரிசை காலியாக இருப்பதுதான் பிரச்சினை.

பிஃபா தரவரிசையும் அதே கதை. 2015-ல் இந்தியா 173. 2017-ல் 96 வரை ஏறியது. 2025 முடிவில் 142.

வெளிநாட்டவர் மீது பழியைப் போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. ஹ்யூம், கோவாவின் கோரோ, ஃபிஜியிலிருந்து வந்த ராய் கிருஷ்ணா, ஒக்பெச்சே போன்றவர்கள் பல சீசன் இங்கேயே இருந்து, எதிரே ஆடும் இந்தியத் தடுப்பாட்டக்காரர்களின் தரத்தை உயர்த்தினார்கள். பெயரைவிட இருப்பு முக்கியம் என்பதை லீக் தானாகவே 2017-க்குப் பிறகு புரிந்துகொண்டது. ஸ்பெயின், ஆஸ்திரேலியாவில் இருந்து நடுத்தர வயதுக்கு முந்தைய வீரர்களைக் கிளப்புகள் தேட ஆரம்பித்தன. ஆட்டத்தின் தரம் கூடியது. ஆனால் கூட்டம் குறைந்தது. 2017-18-ல் சராசரி 15,000-ஐ ஒட்டி வந்துவிட்டது. பெயரைப் பார்க்க வந்தவர்கள் பெயரோடு போய்விட்டார்கள். கொச்சியிலும் கொல்கத்தாவிலும் மட்டும், கால்பந்துக்காகவே வருபவர்கள் மிஞ்சினார்கள்.

இப்போது என்ன நிலை?

2025 ஜூலையில், ஒப்பந்தம் முடியப்போவதால் சீசனை நிறுத்தி வைப்பதாக லீக்கை நடத்தும் எஃப்எஸ்டிஎல் நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதன்மை அணியின் செயல்பாடுகளையே நிறுத்தியது. பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. புதிதாக லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

2014-ல் பார்த்த 24,000 பேர், 42.9 கோடி பார்வையாளர், அத்தனை உலக சாம்பியன்கள், பதினோரு வருஷம். அதற்குப் பிறகு, இதை நாங்கள் நடத்துகிறோம் என்று ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை.

கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-ல் 14 அணிகளோடு லீக் தொடங்கும் என்று அறிவித்தார். சுருக்கப்பட்ட சீசன். சென்னையும் பட்டியலில் இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒரு போட்டி நடந்தது. 2025 அக்டோபர் 22, கோவா ஃபடோர்டா மைதானம், ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2. எஃப்சி கோவாவுக்கு எதிராக அல் நசர். ரொனால்டோ வருவார் என்று டிக்கெட் வாங்கியவர்கள் ஏராளம். அவர் விமானமே ஏறவில்லை. மானேவும் ஜோவோ ஃபெலிக்ஸும் வந்தார்கள். அல் நசர் முதலில் இரண்டு கோல் போட்டது. சொந்த நாட்டில் லீக்கே நடக்காமல் இருந்த கோவா, இடைவேளைக்கு முன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. அடித்தவர் பிரைசன் ஃபெர்னாண்டஸ், கோவாவின் சொந்தப் பையன். ஆட்டம் 2-1 என்று முடிந்தது. ரொனால்டோவைப் பார்க்க வந்த கூட்டம் அன்றைக்கு எழுந்து நின்று கத்தியது பிரைசனுக்காகத்தான்.